முற்றத்துக் கோழிக்குப் பூச்சித் தொல்லையா? மணல் ஊருக்கு ஏற்ற 24 குறிப்புகள்

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வழியெங்கும், எத்தாளை உட்பட, ஊர்க்கோழி இல்லாத வளவைக் காண்பது அரிது. வீட்டு முட்டைக்கும், பெருநாள் கறிக்கும், அவசரத்துக்கு விற்றுக் காசாக்கவும் அந்த நாலைந்து கோழிகள்தான் கைகொடுக்கின்றன. ஆனால் “தீனி நன்றாகத் தின்கிறது, உடம்பு தேறவில்லை, முட்டையும் குறைந்துவிட்டது” என்ற முறைப்பாடு அடிக்கடி காதில் விழுகிறது. பல நேரம் அதற்குக் காரணம் வயிற்றுப் பூச்சி.

பூச்சி மருந்து கோழியின் குடலை அன்றைக்குச் சுத்தமாக்கும். முற்றம் பழையபடியே கிடந்தால் இரண்டு மாதத்தில் பூச்சி திரும்பிவிடும். கற்பிட்டித் தீபகற்பத்தின் மணலும் வெயிலும் நமக்குக் கிடைத்த பெரிய துணை. பூச்சியின் முட்டை காய்ந்த மணலில் நீடிக்காது. ஈரமான மூலைகளைக் கவனித்து, மருந்தையும் அளவறிந்து கொடுத்தால் இந்தத் தொல்லையை நிச்சயம் அடக்கலாம்.

அடையாளம் காண

1. இரவில் நெஞ்சைத் தடவிப் பாருங்கள். பகலில் இறகை உப்பிக்கொண்டு நிற்கும் கோழி கொழுத்ததாகவே தெரியும். அடைந்த பிறகு மெதுவாகத் தூக்கி நெஞ்செலும்பைத் தடவுங்கள். எலும்பின் இரு புறமும் சதை நிரம்பியிருந்தால் கவலையில்லை. எலும்பு கூராகக் கையில் தட்டி, இரு புறமும் குழிந்திருந்தால் கோழி மெலிகிறது. மாதம் ஒருமுறை எல்லாக் கோழிகளையும் இப்படித் தடவினால், நோய் முற்றுமுன்பே தெரிந்துவிடும்.

2. வெளி அடையாளங்களைச் சேர்த்துப் பாருங்கள். வெளிறிய கொண்டை, தொங்கும் சிறகு, இளகிய எச்சம், பின்புறத்தில் ஒட்டிய அழுக்கு, குறையும் முட்டை ஆகியவை பூச்சிக்கு உரியவை. ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். இறகு உதிரும் காலத்திலும் முட்டை குறையும். பேன், செள் இருந்தாலும் கொண்டை வெளிறும்.

3. காலையில் கூட்டின் அடியில் புது எச்சத்தைப் பாருங்கள். அரிசிக் குறுணல் போன்ற வெள்ளைத் துண்டுகள் கிடந்து, அவை மெல்ல நெளிந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. உருளைப்புழு முழுதாக எச்சத்தில் வருவது குறைவு. ஆகவே எச்சத்தில் எதுவும் தெரியவில்லை என்பதற்காகப் பூச்சியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

4. அறுக்கும்போது குடலைத் திறந்து பாருங்கள். வீட்டில் இதைவிடத் தெளிவான சோதனை இல்லை. குடலை நீளவாக்கில் கத்தரிக்கோலால் வெட்டி, வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் அலசுங்கள். சிறுகுடலில் 5 முதல் 12 சென்ரிமீற்றர் நீளத்தில், இரு முனையும் கூர்த்து, மஞ்சள் கலந்த வெள்ளையாகக் கிடப்பது உருளைப்புழு. குடல் சுவரில் தலையைப் புதைத்துக்கொண்டு, தட்டையாக, கணுக்கணுவாகத் தொங்குவது நாடாப்புழு. கடைசியில் இரு பைகளாகப் பிரியும் குருட்டுக்குடலையும் விடாதீர்கள். அதன் நுனியில் ஒரு சென்ரிமீற்றர் அளவில் நெளியும் மெல்லிய வெள்ளைப் புழுக்கள் வேறு இனம். எதை, எங்கே, எத்தனை கண்டீர்கள் என்று குறித்து வையுங்கள். மிருக வைத்தியர் மருந்தைத் தெரிவு செய்ய அது உதவும்.

5. எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மயிர் போன்ற மெல்லிய புழு கண்ணுக்கு எளிதில் படாது. அதை எச்சத்தில் உள்ள முட்டையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் நாலைந்து கோழிகளின் புது எச்சத்தைச் சுத்தமான சிறு போத்தலில் எடுத்து, வெயில் படாமல் குளிர்ச்சியாக வைத்து, அன்றே உங்கள் பகுதியின் அரச மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். உப்புக் கரைசலில் எச்சத்தைக் கலக்கினால் புழுவின் முட்டைகள் மேலே மிதந்து வரும். நுணுக்குக்காட்டியில் அவற்றின் வடிவத்தைக் கண்டு இனத்தைச் சொல்லிவிடுவார்கள்.

6. குஞ்சின் எச்சத்தில் இரத்தம் கண்டால் பூச்சி மருந்தோடு நிற்காதீர்கள். அது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல். அதை உண்டாக்குவது புழு அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிரி. பூச்சி மருந்து அதற்குக் கேட்காது, வேறு மருந்து வேண்டும். ஓரிரு நாள் தாமதமே குஞ்சுகளைக் கொன்றுவிடும் என்பதால் உடனே மிருக வைத்தியரிடம் போங்கள்.

7. கண்ணைத் தேய்க்கும் கோழியையும் கவனியுங்கள். கண்ணில் நீர் வடிந்து, காலால் அடிக்கடி சொறிந்தால் இமைக்குள் கண்புழு இருக்கலாம். வெப்பமான கரையோரங்களில் இது காணப்படுவதுதான். கரப்பான் பூச்சியைத் தின்பதால் வருகிறது. இமைக்குள் மருந்திட்டுப் புழுவை அகற்றும் வேலையை மிருக வைத்தியரிடம் விட்டுவிடுங்கள்.

8. வீட்டாருக்கு வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கோழியின் உருளைப்புழுவும் நாம் பார்க்கும் நாடாப்புழுவும் மனிதர் குடலில் வாழ்பவை அல்ல. மிக அரிதாக முட்டைக்குள் ஒரு புழு கிடப்பதுண்டு. குடலில் இருந்த புழு கழிவு வாய் வழியாக முட்டைக் குழாய்க்குள் ஏறி, ஓடு மூடுமுன் உள்ளே அகப்பட்டதுதான் அது. அந்த முட்டையை எறிந்துவிட்டு, கோழிகளுக்கு மருந்து கொடுக்க நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து கொடுக்க

9. புழுவுக்கு ஏற்ற மருந்தைக் கேட்டு வாங்குங்கள். பைப்பரசின் பெரிய உருளைப்புழுவுக்கு மட்டுமே நன்றாக வேலை செய்யும். லெவமிசோல் பலவகை உருளைப்புழுக்களைப் பிடிக்கும், நாடாப்புழுவைத் தொடாது. அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் ஆகியவை பல இனங்களுக்கும் உதவும். நாடாப்புழு நிறைய இருந்தால் பிரசிகுவாண்டெல் போன்ற தனி மருந்து தேவைப்படலாம். “பூச்சி மருந்து ஒன்று தாருங்கள்” என்று கேட்பதைவிட, குடலில் கண்டதைச் சொல்லிக் கேட்பது நல்லது.

10. கோழியை நிறுத்துத்தான் அளவு போடுங்கள். சந்தைப் பையில் கோழியை வைத்துத் தராசில் தூக்கினால் போதும். மிருக வைத்தியர் அல்பெண்டசோல் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று எழுதித் தந்தால், ஒன்றரைக் கிலோ பேட்டுக்கு 15 மில்லிகிராம் வேண்டும். போத்தலில் 2.5 சதவீதம் என்று இருந்தால் ஒரு மில்லிலீற்றரில் 25 மில்லிகிராம் இருக்கும்; கொடுக்க வேண்டியது 0.6 மில்லிலீற்றர். 10 சதவீதப் போத்தலாக இருந்தால் 0.15 மில்லிலீற்றர்தான். போத்தல் மாறினால் அளவு நாலு மடங்கு மாறுகிறது. லேபலைப் படிக்காமல் ஊற்றாதீர்கள்.

11. பிள்ளைகளின் பூச்சிக் குளிசையை உடைத்துப் போடாதீர்கள். 400 மில்லிகிராம் குளிசை ஒன்று, மேலே சொன்ன பேட்டின் அளவைப்போல் 26 மடங்குக்கும் மேல். கண்மதிப்பில் கிள்ளிப் போட்டால் ஒரு கோழிக்கு மிஞ்சும், இன்னொன்றுக்குக் கிடைக்காது.

12. தண்ணீரில் கலக்கலாமா என்று முதலில் பாருங்கள். பைப்பரசினும் லெவமிசோலும் தண்ணீரில் கரையும். அல்பெண்டசோல் கரையாது, பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும். அதை ஊசி கழற்றிய சிரிஞ்சால் அலகின் ஓரமாகச் சிறிது சிறிதாக விடுங்கள், கோழி விழுங்கியபின் அடுத்த துளி. வேகமாகப் பீய்ச்சினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கோழிகள் அதிகமென்றால், காலைத் தீனிக்கு முன், கொஞ்சம் தவிட்டிலோ தேங்காய்ப் புண்ணாக்கிலோ பிசைந்து எல்லாவற்றுக்கும் சமமாகக் கிடைக்கும்படி பல இடத்தில் வையுங்கள்.

13. தண்ணீரில் கொடுக்கும் நாளில் அதிகாலையையே தெரிவு செய்யுங்கள். நம் பகுதி வெயிலில் கோழியை நெடுநேரம் தாகத்தில் வைக்கக் கூடாது. விடிந்ததும் தண்ணீர்ப் பாத்திரத்தை ஒன்றரை, இரண்டு மணி நேரம் எடுத்துவிட்டு, பிறகு மூன்று, நான்கு மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவுக்கு மட்டும் மருந்துத் தண்ணீர் வையுங்கள். மற்ற வாளி, சட்டி, கிணற்றடிக் குழி எதிலும் தண்ணீர் நிற்காமல் பாருங்கள். வேறு தண்ணீர் கிடைத்தால் மருந்தைத் திரும்பியும் பார்க்காது.

14. மருந்து கொடுத்த பின் இரண்டு நாள் அடைத்து வையுங்கள். செத்த புழுவும் அதன் வயிற்றில் உள்ள முட்டைகளும் எச்சத்தோடு வெளியே வரும் நாட்கள் அவை. முற்றத்தில் திறந்துவிட்டால் அவ்வளவும் மணலில் விதைத்ததாகிவிடும். கூட்டில் பழைய பத்திரிகையோ சாக்கோ விரித்து, தினமும் சுருட்டி எரித்துவிடுங்கள்.

15. இரண்டாம் முறையை மறக்காதீர்கள். குடல் சுவருக்குள் ஒளிந்திருக்கும் குஞ்சுப் புழுக்களில் பல முதல் மருந்துக்குத் தப்பிவிடும். இரண்டு, மூன்று வாரத்தில் அவை வளர்ந்து வெளியே வரும்போது மிருக வைத்தியர் சொன்னபடி இன்னொரு முறை கொடுத்தால்தான் முதல் முறை கொடுத்ததற்குப் பலன்.

16. முட்டைக்கும் இறைச்சிக்கும் எத்தனை நாள் விலக்கு என்று கேளுங்கள். இது மருந்துக்கு மருந்து மாறும். கொடுத்த திகதியையும் விலக்கு முடியும் திகதியையும் நாட்காட்டியில் எழுதுங்கள். அந்த நாட்களின் முட்டையைப் பிள்ளைக்கோ கர்ப்பிணிக்கோ கொடுக்கவும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்கு விற்கவும் வேண்டாம்.

17. அரைகுறை அளவில் அடிக்கடி கொடுப்பதை விடுங்கள். அப்படிக் கொடுத்தால் பலவீனமான புழு சாகும், மருந்தைத் தாங்கும் புழு பெருகும். அமெரிக்காவின் வான்கோழிப் பண்ணைகளில் ஃபென்பெண்டசோலுக்கு அசையாத உருளைப்புழுக்கள் அண்மைய ஆண்டுகளில் கண்டறியப்பட்டுள்ளன. நம் முற்றத்திலும் அது நடக்கக் கூடாது. முழு அளவு, சரியான நேரம், தேவைப்படும்போது மட்டும் என்பதே நல்ல வழி.

18. கைமருந்தைத் துணையாக மட்டும் வையுங்கள். வேப்பிலை, பூண்டு, பூசணி விதை கொடுப்பதில் கேடில்லை. ஆனால் குடல் நிறையப் புழு இருக்கும்போது அவற்றை நம்பிக் காத்திருக்காதீர்கள். பாக்கில் உள்ள அரிகோலின் ஒரு காலத்தில் நாய்களுக்கு நாடாப்புழு மருந்தாகவே பயன்பட்டது, ஆனால் அளவு சற்று மிஞ்சினாலும் விஷம். புகையிலைத் தண்ணீரும் மண்ணெண்ணெயும் கோழிக்கு ஒருபோதும் வேண்டாம்.

முற்றத்தைக் காக்க

19. பத்து நாள் கணக்கை மனதில் வையுங்கள். எச்சத்தோடு விழும் உருளைப்புழு முட்டை அப்போதே நோய் தராது. சூடும் ஈரமும் சேர்ந்தால் சுமார் பத்து நாளில் அதற்குள் குஞ்சுப் புழு உருவாகும். அதைக் கொத்தித் தின்னும் கோழிக்குத்தான் தொற்றும். ஆகவே கூட்டை வாரம் ஒருமுறையாவது முழுதாகச் சுரண்டி எடுத்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். உமி அல்லது மரத்தூள் விரித்திருந்தால் கிளறி உலர்த்துங்கள், நனைந்த பகுதியை அன்றே மாற்றுங்கள். கிருமிநாசினி தெளிப்பதை நம்ப வேண்டாம்; இந்த முட்டையின் தடித்த ஓட்டைப் பெரும்பாலான கிருமிநாசினிகள் துளைப்பதில்லை. மரப்பலகைக்கும் அடைசட்டத்துக்கும் கொதிநீர் ஊற்றுவதும், பின் நடு வெயிலில் காயவைப்பதுமே பலன் தரும்.

20. ஈர மூலைகளை ஒழியுங்கள். எத்தாளைப் பக்கத்து வெண்மணல் மழை விட்ட சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். முட்டை பிழைத்துக் கிடப்பது கிணற்றடி, உடுப்புத் துவைக்கும் கல்லடி, குழாயடி, தண்ணீர் பாய்ச்சும் தென்னம் பாத்தி ஆகிய இடங்களில்தான். கோழிகள் புழு கிளறக் கூடுவதும் அங்கேதான். அந்த இடங்களைக் கிடுகாலோ பழைய மீன் வலையாலோ அடையுங்கள். வலை தரையில் தொங்கிக் காலில் சிக்காதபடி இழுத்துக் கட்டுங்கள். குடிக்கும் பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்தில் கல்லின்மேல் வைத்தால் சிந்தலும் குறையும், எச்சமும் விழாது.

21. தோட்டத்துக்கு வரும் கோழி எருவை மூடி மக்க வையுங்கள். வெங்காயத்துக்கும் மரக்கறிக்கும் பண்ணைக் கோழி எரு லொறியில் வந்து இறங்கும் ஊர்கள் நம்முடையவை. வடமேல் மாகாணம் நாட்டின் பெரிய கோழிப் பண்ணைப் பகுதிகளில் ஒன்று என்பதால் எருவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பச்சை எருக் குவியலை நம் கோழிகள் கிளறினால், அந்தப் பண்ணையின் புழு முட்டையும் இரத்தக் கழிச்சலும் வேறு நோய்களும் வீட்டுக்கு வந்துவிடும். குவியலைச் சற்று ஈரமாக்கி, படங்கால் மூடுங்கள். நடுப்பகுதி 55 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறும்போது முட்டைகள் சாகும். ஓரத்தில் கிடப்பது உள்ளே போகும்படி சில முறை புரட்டி, இரண்டு மூன்று மாதம் கழித்துப் பயன்படுத்துங்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் குவிக்க வேண்டாம். நம் நிலத்தடி நீர் மேலாகவே இருப்பதால் மணல் வழியாக எருவின் சாரம் இறங்கிக் குடிநீரைக் கெடுக்கும்.

22. இடைத்தரகர்களைக் குறையுங்கள். நாடாப்புழு கோழியிலிருந்து நேரே இன்னொரு கோழிக்குத் தொற்றாது. எறும்பு, வண்டு, வீட்டு ஈ, நத்தை ஆகியவற்றின் உடலில் வளர்ந்து, அவற்றைத் தின்னும் கோழிக்கு வருகிறது. ஆகவே கருவாடு காயும் பந்தலையும் மீன் கழுவும் இடத்தையும் கோழிக்கூட்டிலிருந்து விலக்கி வையுங்கள், மீன் குடலை அன்றன்றே ஆழப் புதையுங்கள். மிஞ்சிய தீனியை மாலையில் எடுத்துவிடுங்கள். கூட்டோரத்தில் சிரட்டை, மட்டை, பழைய கிடுகுக் குவியல் இருந்தால் கரப்பானும் வண்டும் குடியிருக்கும். எறும்பை ஒழிக்கத் தோட்டத்துப் பூச்சிநாசினியைக் கூட்டைச் சுற்றித் தெளிக்காதீர்கள்; செத்த எறும்பைத் தின்று கோழியும் சாகும். எறும்புப் புற்றில் கொதிநீர் ஊற்றுவது போதும்.

23. குஞ்சு, புதுக்கோழி, வான்கோழி மூன்றையும் பிரித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளைத்தான் உருளைப்புழு அதிகம் வாட்டும். வளர்ந்த கோழி தாங்கிக்கொண்டு, எச்சத்தால் முட்டையைப் பரப்பும். எனவே குஞ்சுகளுக்குப் பெரிய கோழிகள் மேயாத காய்ந்த இடம் கொடுங்கள். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து, மருந்து கொடுத்த பிறகே சேருங்கள். வான்கோழியைக் கோழி மேய்ந்த மண்ணில் விடவே வேண்டாம். கோழியின் குருட்டுக்குடல் புழு முட்டைக்குள் ஒளிந்துவரும் ஓரணு உயிரி, வான்கோழியின் ஈரலைப் புண்ணாக்கிக் கூட்டமாகக் கொல்லும். வளவில் இடம் இருந்தால் வலை கட்டி இரண்டாகப் பிரித்து, கோடையில் ஒரு பக்கத்தை இரண்டு மூன்று மாதம் வெயிலில் காயப் போடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய வகைக் கம்பிக்கூடு 2012 முதல் தடை செய்யப்பட்டு, கோழிகள் தரைக்கு வந்தபோது உருளைப்புழுவும் அவற்றோடு திரும்பி வந்தது. தரையில் வாழும் கோழிக்குச் சுத்தமான தரையே முதல் காவல்.

ஆண்டு முழுவதற்கும்

24. தீனியைக் கவனித்து, மருந்து நாட்களை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கோழி பலமாக இருந்தால் பூச்சியைத் தாங்கும். புரதமும் வைட்டமின் ஏயும் குறைந்தால் உருளைப்புழு எளிதில் வேரூன்றும். தினமும் ஒரு பிடி முருங்கை இலையும் அவித்த சிறு மீனும் இரண்டையும் தரும். கருவாட்டுத் தலையாக இருந்தால் நன்றாக ஊறவைத்து உப்பை எடுத்த பிறகே போடுங்கள். உப்பு மிஞ்சினால் கோழிக்கு விஷம். மருந்துக்கு இந்தக் கணக்கை மிருக வைத்தியரிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள். குஞ்சுகளுக்கு முதல் முறை 6 முதல் 8 வாரத்தில். பெரிய கோழிகளுக்கு மாரி மழைக்கு முன் செப்டெம்பர் கடைசியில் ஒன்று, மழை ஓய்ந்த பின் ஜனவரியில் ஒன்று, சித்திரை மழை முடிந்து மே மாதத்தில் ஒன்று. இடையில் குடலிலோ எச்சத்திலோ பூச்சி கண்டால் மட்டும் கூடுதலாக. இராணிக்கெட் தடுப்பூசி போடப் போகிறீர்கள் என்றால் அதற்கு ஒரு வாரம் முன்பே பூச்சி மருந்தைக் கொடுத்துவிடுங்கள். குடல் சுத்தமான கோழியின் உடம்பில்தான் தடுப்பூசி நன்றாகப் பிடிக்கும்.